விற்ற பேட்டரியும் சும்மா கொடுத்த சில்லும்: ஒரு ஸ்கிராப் யார்டு சூப்பர்ஃபண்டில் மாட்டிய கதை

இது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நடந்தது. ஆட்கள், கம்பெனிகள், ஊர் எதையும் சொல்லப்போவதில்லை. ஸ்கிராப் யார்டு பக்கம் வேலை பார்த்த வக்கீல் வைத்துக்கொண்ட சுற்றுச்சூழல் பொறியாளர் நான், அதனால் என் பார்வை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

## பின்னணி

மூன்று தலைமுறைக் குடும்பத் தொழில். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த தாத்தா, ரயில் பாதை ஓரம் மூன்று ஏக்கர் வாங்கி ஆரம்பித்த காயலான் கடை. இரும்பு, செம்பு, ரேடியேட்டர், பழைய கார் பேட்டரி எல்லாம் வாங்கி விற்பார்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் எடை ஈயம், அதனால் நல்ல காசு.

பேட்டரியை இரண்டு விதமாக விற்றிருக்கிறார்கள். 1961 முதல் 1979 வரை யார்டிலேயே ஒரு ஆள் கோடாலியால் மூடியை வெட்டி, அமிலத்தைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை மட்டும் உருவி எடுப்பார். தகடு உருக்காலைக்குப் போகும். கறுப்பு ரப்பர் ஓடு யார்டிலேயே கிடக்கும். 1979-ல் இதை நிறுத்தினார்கள். சுற்றுச்சூழல் அக்கறை ஒன்றும் இல்லை, வெட்டிக்கொண்டிருந்த மனிதர் ஓய்வு பெற்றுவிட்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் பேட்டரியை உடைக்காமல், முழுசாக, மரப் பலகையில் அடுக்கி லாரியில் அனுப்பினார்கள்.

இரண்டு காலத்திலும் பெரும்பாலும் ஒரே உருக்காலைக்குத்தான் போனது, சுமார் நூறு மைல் தள்ளி. அந்த ஆலை 2002-ல் திவாலாகி மூடியது. பின்னால் கசடு மலை, அமிலம் ஊறிய குட்டை, சுற்றிலும் ஈயத் தூசி. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எல்லோரும் ஈபிஏ என்று சொல்வது, அதை சூப்பர்ஃபண்ட் முன்னுரிமைப் பட்டியலில், அதாவது மோசமாக மாசுபட்டு முதலில் சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில், சேர்த்தது.

## கடிதம்

2006-ல் ஈபிஏ கடிதம் வந்தது. சூப்பர்ஃபண்டுக்கு அடிப்படையான செர்க்லா சட்டத்தின் 104(இ) பிரிவின் கீழ் தகவல் கேட்கும் கடிதம்: அந்த ஆலைக்கு எப்போது, எவ்வளவு, என்ன அனுப்பினீர்கள், ஆவணம் எங்கே, இன்ஷூரன்ஸ் உண்டா. பதில் சொல்ல 30 நாள். சொல்லாமல் விட்டால் நாள் கணக்கில் அபராதம்.

அப்போது யார்டை நடத்திக்கொண்டிருந்தவர் பேரன். அவர் முதலில் செய்தது, கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டது. இருபத்திரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. அவருடைய வாதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "எங்க தாத்தா குப்பை கொட்டலை, சரக்கு வித்தார். காசு வாங்கிட்டு வித்த சாமானுக்கு, வாங்கினவன் பண்ணின அசிங்கத்தை நான் ஏன் கழுவணும்?"

நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சட்டம் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்கும்.

## சட்டம் எப்படி நிற்கிறது

நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் விவகாரம் வெடித்த பிறகு, 1980 டிசம்பர் 11-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் செர்க்லா. அதன் 107-ஆம் பிரிவு நான்கு வகை ஆட்களைப் பிடிக்கிறது: இடத்தின் இப்போதைய உரிமையாளர் அல்லது நடத்துபவர், கழிவு கொட்டப்பட்ட காலத்தில் வைத்திருந்தவர், கழிவை அங்கே அகற்ற ஏற்பாடு செய்தவர், அந்த இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோன வண்டிக்காரர். தப்பு செய்தீர்களா என்ற கேள்வியே இல்லை. அன்றைக்கு அது சட்டப்படி சரியாக இருந்ததா என்பதும் கணக்கில் வராது. சேதத்தைப் பிரிக்க முடியாதென்றால் ஒருத்தர் தலையிலேயே முழுச் செலவையும் கட்டலாம், அவர் போய் மற்றவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்கிராப் வியாபாரி மாட்டுவது மூன்றாவது வகையில், அதாவது ஏற்பாடு செய்தவர் என்று. பயனுள்ள பொருளை விற்றால் அது கழிவை அகற்றுவது ஆகாது என்று ஒரு பாதுகாப்பு நீதிமன்றங்களில் இருந்தது, ஆனால் பழைய பேட்டரிக்கு அது எப்போதும் கைகொடுக்கவில்லை. 1994-ல் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டலஸ் வழக்கில், தீர்ந்துபோன பேட்டரியை ஈயம் எடுக்கும் ஆலைக்கு விற்றவரையும் ஏற்பாட்டாளர் என்று பிடிக்கலாம் என்றது. அதனால் ஒரு விசித்திரம் உண்டானது. மண்ணிலிருந்து தோண்டிய கன்னித் தாதுவை அதே ஆலைக்கு விற்றவருக்குப் பிரச்சினை இல்லை, மறுசுழற்சிக்குக் கொடுத்தவருக்கு வில்லங்கம்.

இதைச் சரிசெய்யத்தான் 1999 நவம்பர் 29-ல் சூப்பர்ஃபண்ட் மறுசுழற்சி சமநீதிச் சட்டம் வந்தது, ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு ஒட்டிக்கொண்டு. அது செர்க்லாவில் 127 என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. ஸ்கிராப் உலோகம், காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, துணி, முழு டயர் அல்லாத ரப்பர், பழைய பேட்டரி இவற்றை மறுசுழற்சிக்கு விற்றவர், சில நிபந்தனைகளைக் காட்டினால், ஏற்பாட்டாளராகவோ வண்டிக்காரராகவோ பொறுப்பாக மாட்டார்.

அந்த நிபந்தனைகளைத்தான் பலர் படிப்பதில்லை. சரக்கு வணிகத் தரத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும், அதற்குச் சந்தை இருக்க வேண்டும், பெரும்பகுதி புதுப் பொருள் செய்யும் மூலப்பொருளாகப் போயிருக்க வேண்டும், கன்னிப் பொருளுக்கு மாற்றாக இருந்திருக்க வேண்டும். பேட்டரி என்றால் இன்னொன்று: விற்றவர் அதன் மதிப்புள்ள பாகங்களைத் தானே பிரித்து எடுத்திருக்கக் கூடாது. சட்டம் வந்து 90 நாள் கழிந்த பிறகு நடந்த வியாபாரத்துக்கு, வாங்கும் ஆலை சுற்றுச்சூழல் சட்டங்களைப் பின்பற்றுகிறதா என்று நியாயமான அக்கறையோடு விசாரித்திருக்கவும் வேண்டும். இத்தனையையும் நிரூபிக்கும் சுமை விற்றவர் மேல்.

பேரனிடம் இதை விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது, முதல் பாதி வரை.

## பரண்மேல் இருந்த பெட்டிகள்

என்னை வக்கீல்தான் அமர்த்தினார், யார்டு நேரடியாக அமர்த்தவில்லை. வழக்கை எதிர்பார்த்து வக்கீலுக்காகத் தயாரிக்கும் குறிப்புகளை எதிர்த்தரப்பு சுலபமாகக் கேட்டு வாங்க முடியாது என்பது காரணம். ஈபிஏ-யிடம் இன்னும் 45 நாள் கேட்டு வாங்கினோம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்காமல் தாமதித்தால்தான் வம்பு.

அலுவலகத்துப் பரணில் நாற்பதுக்கு மேல் அட்டைப் பெட்டிகள். எடைச் சீட்டு, லாரிச் சீட்டு, ஆலை அனுப்பிய கணக்குத் தாள். எலி தின்றது போக மீதி. அதில் ஒரு சின்ன விஷயம் எங்களைக் காப்பாற்றியது. ஸ்கிராப் வணிகச் சங்கத்தின் தரப் பட்டியலில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. அமிலம் வடித்த முழு பேட்டரி 'ரெயின்ஸ்', பேட்டரித் தகடு 'ரெயில்ஸ்'. கணக்குப் பிள்ளையாக இருந்த ஒரு அம்மா எழுபதுகளின் நடுவிலிருந்து எல்லாச் சீட்டிலும் இந்தப் பெயரை ஒழுங்காக எழுதியிருந்தார். ஆலையின் வரவுப் புத்தகத்திலோ எல்லாமே 'ஸ்கிராப் ஈயம்' என்று ஒரே வரி. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஈபிஏ யார் எவ்வளவு அனுப்பினார் என்ற பட்டியலைப் போட்டிருந்தது.

ஆக, எது தகடு எது முழு பேட்டரி என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் எங்களிடம் இருந்தது. அது ரெண்டு பக்கமும் வெட்டும்.

## மறைப்பதா, சொல்வதா

இதுதான் முதல் பெரிய முடிவு. பேட்டரி வெட்டிய பதினெட்டு வருடம் பற்றி ஈபிஏ-க்கு எதுவும் தெரியாது. குடும்பத்தில் ஒருவர், பேரனின் சித்தப்பா, "கேட்டதுக்கு மட்டும் சுருக்கமா பதில் சொல்லு, அந்தப் பழைய பெட்டியை யாரும் பார்க்கப் போறதில்லை" என்றார். எரித்துவிடு என்று சொல்லவில்லை. ஆனால் பரண் பக்கம் பார்த்துக்கொண்டேதான் பேசினார்.

வக்கீல் அன்றைக்குப் பேசியது மூன்றே நிமிடம். கடிதம் வந்த பிறகு ஒரு தாள் காணாமல் போனாலும் அது வேறு வழக்கு, அதில் ஜெயில் உண்டு என்றார். அப்புறம் சொன்னதுதான் முக்கியம். சின்னப் பங்குள்ளவர்கள் சீக்கிரம் பணம் கட்டி வெளியே வர 122(ஜி) பிரிவில் ஒரு சமரச வழி இருக்கிறது. அதில் கையெழுத்திடும்போது, தெரிந்ததெல்லாம் சொல்லிவிட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். அந்த உறுதி பொய் என்று பின்னால் தெரிந்தால் சமரசம் செத்துவிடும், கட்டிய பணத்துக்கான பாதுகாப்பும் போய்விடும். மறைத்து வாங்குகிற நிம்மதி எந்த நாளும் பிடுங்கப்படலாம் என்றால் அதற்கு எதற்குப் பணம் கட்டுவது?

எல்லாவற்றையும் சொன்னோம். பதினோரு பக்கப் பதில், இணைப்பாக மூன்று பெட்டி நகல்கள்.

## மூன்று காலம், மூன்று பதில்

பதிலை வருடவாரியாகப் பிரித்தபோது யார்டின் நிலை தெளிவானது. ஒரே யார்டு, ஒரே ஆலை, ஆனால் சட்டத்தின் கண்ணில் மூன்று வெவ்வேறு வியாபாரம்.

நடுக் காலம் எளிது. 1979 முதல் 2000 பிப்ரவரி கடைசி வரை அனுப்பியது முழு பேட்டரி. தரம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, ஆலை ஒவ்வொரு முறையும் ஈயச் சந்தை விலையை ஒட்டிப் பணம் கொடுத்திருக்கிறது. யார்டு பணம் வாங்கியிருக்கிறது, கொடுக்கவில்லை. எடுத்துப் போவதற்கு நீங்கள் காசு கொடுத்தால் அது மறுசுழற்சியாகத் தெரியாது, குப்பை அகற்றுவதாகத்தான் தெரியும். விலைத் தாள் இருந்ததால் இந்தக் காலத்தை 127-ஆம் பிரிவு முழுசாகக் காப்பாற்றியது. 1999-க்கு முன் நடந்த வியாபாரத்துக்கும் இது செல்லும். பென்சில்வேனியாவின் துரூப் ஊர் பேட்டரி ஆலை வழக்கில் 2000-ல் மூன்றாவது சர்க்யூட் அதைச் சொல்லிவிட்டது, அன்றைக்கு நிலுவையில் இருந்த தனியார் வழக்குக்குக்கூடப் பொருந்தும் என்று.

முதல் காலம், தகடு விற்ற பதினெட்டு வருடம், தலைவலி. பேட்டரியின் மதிப்புள்ள பாகத்தைத் தானே பிரித்தவருக்கு பேட்டரி விலக்கு கிடையாது. சரி, தகடு பேட்டரி இல்லை, அது வெறும் ஸ்கிராப் உலோகம் என்று வாதாடலாமா? முயன்று பார்த்தோம். ஆனால் தகடு என்பது சுத்தமான ஈயத் துண்டு இல்லை. அதன் மேல் ஈய சல்ஃபேட், ஈய ஆக்சைடு பசை அப்பியிருக்கும், அமிலமும் ஊறியிருக்கும். சட்டம் ஸ்கிராப் உலோகத்துக்குச் சொல்லும் உதாரணங்கள் கம்பி, தகரம், கடைசல் துருவல், பழைய கார் மாதிரியானவை. போதாக்குறைக்கு 1993-ல் பதினோராவது சர்க்யூட், அலபாமாவின் லீட்ஸ் ஊர் உருக்காலை வழக்கில், பேட்டரித் தகடு தூக்கி எறியப்பட்ட கழிவுதான் என்று சொல்லியிருந்தது. அது வேறு சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, ஆனாலும் எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக்கொண்டு வராமல் இருக்காது. ஜெயிக்க முடியாத வாதம் என்று சொல்ல மாட்டேன். ஜெயிப்பதற்குள் ஆகும் வக்கீல் பில், கட்ட வேண்டிய பங்கைத் தாண்டிவிடும்.

கடைசிக் காலம், 2000 மார்ச் முதல் 2002 வரை. இங்கேதான் நியாயமான அக்கறை என்ற கேள்வி. சட்டம் என்ன பார்க்கச் சொல்கிறது என்றால்: கொடுத்த விலை, ஆலை எப்படி நடக்கிறது என்பதை விற்றவரால் கண்டுபிடிக்க முடிந்ததா, மத்திய மாநில உள்ளூர் அலுவலகங்களில் விசாரித்தாரா, என்ன பதில் வந்தது. பேரனுக்கு ஒன்றும் நினைவில்லை. கணக்குப் பிள்ளை அம்மாவை ஓய்வு இல்லத்தில் போய்ப் பார்த்தோம். அவர் சிரித்துவிட்டு, "என் சுருள் நோட்டைப் பார்த்தீங்களா?" என்றார். சங்கத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த ஆலை மேல் ஏதும் நடவடிக்கை உண்டா என்று கேட்டு, தேதி, நேரம், பேசியவரின் பதவி, பதில் எல்லாம் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அந்த யார்டில் சட்டத்தைப் படித்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே நோட்டில் 2001 அக்டோபர் பக்கத்தில், ஆலை மேல் மாநிலம் விதிமீறல் நோட்டீஸ் விட்டிருக்கிறது என்றும் இருந்தது, பக்கத்தில் "முதலாளியிடம் சொன்னேன்" என்றும் இருந்தது. அதற்குப் பிறகும் நான்கு லாரி போயிருக்கிறது. பேரனின் அப்பா, விலை நன்றாக இருக்கிறது, இருப்பைத் தீர்த்துவிடலாம் என்றாராம். ஆலை விதியை மீறுகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தும் விற்றால் விலக்கு போய்விடும். அந்த நான்கு லாரிக்கு எங்களிடம் பதில் இல்லை. நோட்டு முழுவதையும் கொடுத்தோம், அந்தப் பக்கம் உட்பட.

## பெரிய கம்பெனிகளின் குழு

ஈபிஏ-யோடு ஒப்பந்தம் போட்டுச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொண்டவை சில பெரிய கம்பெனிகள். செலவைப் பகிர ஆள் தேடிக்கொண்டு, பட்டியலில் இருந்த சின்னவர்கள் எல்லோருக்கும் 2008-ல் கடிதம் போட்டார்கள். 113(எஃப்) பிரிவில் பங்குத் தொகை கேட்டு வழக்குப் போடுவோம், இப்போதே கட்டினால் தள்ளுபடி என்று. எங்கள் பங்கு ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் என்று கணக்கு. கோடிக்கணக்கான டாலர் வேலையில் அது யார்டை விற்றாலும் தேறாத தொகை.

தெரிந்தவர்கள் சிலர் பயந்து உடனே கட்டினார்கள். முழு பேட்டரி மட்டுமே விற்ற ஒரு யார்டும் கட்டியது. அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது, ஒரு பைசா கட்டியிருக்க வேண்டியதில்லை.

எங்கள் வக்கீல் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கணக்கைச் சரிபார்த்தது. ஆலைப் புத்தகத்தில் ஒரு தரகர் பெயரில் இருந்த சரக்கில் ஒரு பகுதி எங்கள் யார்டிலிருந்து போனது. குழு அதைத் தரகர் பெயரிலும் எங்கள் பெயரிலும் இரண்டு முறை எழுதியிருந்தது. எடைச் சீட்டை வைத்து அதைக் காட்டினோம், நாலில் ஒரு பங்கு அங்கேயே கழிந்தது. இரண்டு, 127(ஜே). விலக்கு உள்ளவர் மேல் பங்குத் தொகை வழக்குப் போட்டால், போட்டவர்தான் எதிராளியின் வக்கீல் செலவு, நிபுணர் செலவு எல்லாம் கட்ட வேண்டும் என்கிறது அந்த உட்பிரிவு. நடுக் கால விற்பனையின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஆதாரத்தைப் பட்டியலிட்டு, கடைசியில் அந்த உட்பிரிவை ஒரே வரியில் எழுதி அனுப்பினார். ஆறு வாரம் பதிலே இல்லை. அதற்கப்புறம் வந்த கடிதத்தில் தொனி மாறியிருந்தது.

2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் பர்லிங்டன் நார்தர்ன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கலிஃபோர்னியாவின் ஆர்வின் ஊரில் பூச்சிமருந்து விற்ற ஷெல் நிறுவனம், இறக்கும்போது சிந்துகிறது என்று தெரிந்திருந்தும் ஏற்பாட்டாளர் ஆகாது, அகற்றும் நோக்கம் இருக்க வேண்டும் என்று. எங்கள் தகடுக்கு இது நேராகப் பொருந்தாது, அது புதுச் சரக்கு, இது பழசு. ஆனால் பேரத்தில் தராசு கொஞ்சம் எங்கள் பக்கம் சாய்ந்தது.

## சொந்த மண்

இத்தனை நாளும் எல்லோர் கண்ணும் நூறு மைல் தள்ளி இருந்த ஆலை மேல். எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது வேறு. பதினெட்டு வருடம் வெட்டிய பேட்டரியின் அமிலமும் ஓடும் எங்கே?

127 விலக்கு ஏற்பாட்டாளருக்கும் வண்டிக்காரருக்கும்தான். தன் இடத்தில் உள்ள அசுத்தத்துக்கு உரிமையாளர் என்ற முறையில் வரும் பொறுப்பை அது தொடவே தொடாது. மாநிலச் சட்டத்தையும் தடுக்காது. இதைச் சொன்னபோது பேரன் கோபப்பட்டார், ஒரு தீ அணைவதற்குள் இன்னொன்றைப் பற்ற வைக்கிறாய் என்று. வக்கீலும் தயங்கினார். தோண்டினால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொன்னது இதுதான்: பதினோரு பக்கப் பதிலில் வெட்டியதை எழுதிவிட்டோம், படித்த எந்த அதிகாரியும் அடுத்த கேள்வியைக் கேட்பார். அவர் வந்து தோண்டுவதற்கு முன் நாம் மாநிலத்தின் தன்னார்வத் துப்புரவுத் திட்டத்தில் நுழைந்தால் வேலையின் வேகமும் செலவும் நம் கையில் இருக்கும்.

ஒன்பது குழி தோண்டினோம். நாலாவது குழியில் இரண்டடி ஆழத்தில் கறுப்பு ரப்பர் சில்லு, அடுக்கடுக்காக. மண் மஞ்சளும் சாம்பலுமாக வெந்துபோயிருந்தது. ஈயம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி ஓரம் வந்து சொன்னது: "இது எங்க வீட்டு வண்டிப் பாதையிலும் இருக்கே. உங்க தாத்தா சும்மா கொடுத்தார், நல்லா தண்ணி வடியும்னு."

நான்கு வீடுகள். அறுபதுகளில் பேட்டரி ஓட்டை உடைத்துப் பாதைக்குப் போடுவது இந்த நாட்டில் பல இடங்களில் நடந்திருக்கிறது, யாரும் அதை விஷமாக நினைக்கவில்லை. ஆனால் சட்டத்தில் இதற்கு எந்த விலக்கும் கிடையாது. ஆலைக்கு விற்றது மறுசுழற்சி, பக்கத்து வீட்டுக்குப் பிரியமாகக் கொடுத்தது கழிவு கொட்டியது.

அன்று மாலையே மாநிலத்துக்கும் உள்ளூர் சுகாதாரத் துறைக்கும் சொன்னோம். இதில் யாரும் வாதாடவில்லை, சித்தப்பாகூட. இரண்டு வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் யாருக்கும் ஈயம் அன்றைய எச்சரிக்கை அளவான டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமை எட்டவில்லை. அதே அளவு 2012-ல் 5 என்றும் 2021-ல் 3.5 என்றும் இறங்கியது. ஒரு குழந்தையின் எண் இன்றைய கணக்கில் நிம்மதி தரும் எண் இல்லை.

வீட்டு மண்ணை, அன்றைக்கு ஈபிஏ வழிகாட்டிய அளவான கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயத்துக்குக் கீழ் வரும்வரை தோண்டி எடுத்து நல்ல மண் போட்டோம். யார்டில் மோசமான பகுதியை எடுத்து, பாஸ்பேட்டும் சிமென்ட்டும் கலந்து கட்டிப்படுத்தினோம். கசிவுச் சோதனையில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயத்துக்குக் கீழ் வந்தால் சாதாரணக் குப்பைக்கிடங்கு, மேலே போனால் அபாயக் கழிவுக்கிடங்கு, இரண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். மீதி இடத்தைத் தார் போட்டு மூடி, இங்கே வீடு கட்டக் கூடாது என்று பத்திரத்தில் எழுதியாயிற்று.

## பணம் எங்கிருந்து வந்தது

1986 வாக்கிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பொதுப் பொறுப்புப் பாலிசியில் மாசு சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கிவிட்டன. அதற்கு முந்திய பாலிசிகளில் வழி உண்டு, பாலிசி கையில் இருந்தால். எங்களிடம் பாலிசி இல்லை. 1968 முதல் 1977 வரை பிரீமியம் கட்டிய காசோலை ஒட்டுகளும், ஒரு பழைய ஏஜென்ட் ரயில்வேக்கு அனுப்பிய சான்றிதழ் நகலும் இருந்தன. அந்தச் சான்றிதழில் பாலிசி எண் இருந்தது. உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு கம்பெனி வக்கீல் செலவில் ஒரு பகுதியை ஏற்றது, வீடுகளின் துப்புரவில் பாதியையும் கடைசியில் கொடுத்தது. யார்டின் சொந்த மண்ணுக்கு ஒன்றும் இல்லை, சொந்தச் சொத்து விலக்கு என்று.

எங்கள் தவறு ஒன்று இங்கே. ஈபிஏ கடிதம் வந்து எட்டு மாதம் கழித்துத்தான் இன்ஷூரன்ஸுக்குத் தெரிவித்தோம். அந்த எட்டு மாத வக்கீல் பில்லை அவர்கள் தொடவே இல்லை.

## எப்படி முடிந்தது

2010 கடைசியில் 122(ஜி) சமரசம். முழு பேட்டரிக் காலம் பூஜ்யம். தகடுக் காலமும் கடைசி நான்கு லாரியும் மட்டும் கணக்கில். பங்கு முதலில் கேட்டதில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்தது. எதிர்காலத்தில் செலவு கூடினால் என்ற கணக்கில் அதன் மேல் ஒரு கூடுதல் தொகையும் உண்டு. பதிலுக்கு, அந்த ஆலை விஷயத்தில் இனி வேறு யாரும் பங்குத் தொகை கேட்டு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு. மூன்று வருடத் தவணையில் கட்டி முடித்தார்கள். யார்டு மூடவில்லை, இரண்டு ஏக்கராகச் சுருங்கியது.

மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது, ஆலைக்காகக் கட்டியதைவிட யார்டுக்கும் நான்கு வீட்டுக்கும் ஆனது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

## மறுபடி செய்தால்

கடிதம் வந்த அன்றே இன்ஷூரன்ஸுக்கு எழுதுவேன், வக்கீலைப் பார்க்கும் முன்பே. அக்கம்பக்கத்து வயசானவர்களிடம் முதல் மாதமே பேசுவேன், குழி தோண்டும்வரை காத்திருக்க மாட்டேன். அந்தப் பெரியவர் மூன்று வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார், நாங்கள் பெட்டியைத்தான் கிளறிக்கொண்டிருந்தோம். தகடு ஸ்கிராப் உலோகமா என்ற ஆராய்ச்சிக்குச் செலவழித்த நாலு மாதத்தையும் குறைத்திருப்பேன், அது வக்கீலுக்கும் எனக்கும் சுவாரஸ்யமாக இருந்தது என்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

யார்டில் மாறியது: வாங்கும் ஆலை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில, மத்திய அமலாக்கப் பதிவுகளைப் பார்த்து அச்செடுத்து வைக்கிறார்கள், விலைத் தாளோடு சேர்த்து. ஏதாவது நோட்டீஸ் கண்ணில் பட்டால் அன்றிலிருந்து லாரி நிற்கும். 2014-ல் ஒரு முறை நின்றிருக்கிறது, மூன்று வாரம், விலை உச்சத்தில் இருக்கும்போது. சித்தப்பா அதற்கும் முணுமுணுத்தாராம்.

2024 ஜனவரியில் வீட்டு மண்ணுக்கான ஈய வழிகாட்டி அளவை ஈபிஏ 400-லிருந்து 200 ஆக இறக்கியது. அந்த வாரமே பேரன் போன் செய்தார். நான்கு வீட்டின் பழைய சோதனைத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வீட்டில் எல்லாப் புள்ளியும் 200-க்குக் கீழ். ஒன்றில் வேலி ஓரம் 260, இன்னொன்றில் 310. மாநிலத்துக்கு எழுதிக் கேட்பதா, அவர்கள் கேட்கும்வரை இருப்பதா என்றார். எழுதலாம் என்றேன். அடுத்த வாரம் மண் எடுக்கப் போனபோது 310 வந்த வீட்டில் புதுசாகக் குடி வந்திருந்தவர்கள் அந்த ஓரத்தில் கத்தரிக்காய் போட இடம் கொத்திக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.